துணைக்கு வர்றியா?

(மன்னார்குடியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் செயலாளர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இந்த முறை புத்தகம் வேண்டாம். சமீபத்துல நீங்க பார்த்த படம், கேட்ட பாட்டு, மனசுக்குப் பிடிச்ச எதைப் பத்தியாவது பேசுங்க" என்றார். 25 ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கியம் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் குறிப்பு இல்லாமலே பேசியிருப்பேன். இதற்கு இரண்டு வாரம் யோசித்தேன். கடந்த சில ஆண்டுகளில் என்னை அசைத்த படங்கள், வீடியோ கேம்கள், எங்கள் வீட்டு அன்றாடப் பொழுதுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது, எல்லாமே ஒரே சொல்லைச் சுற்றி நிற்பது தெரிந்தது. துணை என்பது அந்தச் சொல்.

இருட்டில் கொல்லைப்பக்கம் போகப் பயப்படும் பிள்ளை, "துணைக்கு வர்றியா?" என்று கேட்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவரைக் கேட்டால், "துணைக்கு இருக்கேன்" என்பார். துணைக்கு வருகிறவர் மருந்து தர வேண்டியதில்லை, புத்தி சொல்ல வேண்டியதில்லை. கூட இருந்தால் போதும். கல்யாணப் பத்திரிகையின் உச்சியிலும், கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும், லாரியின் நெற்றியிலும் 'முருகன் துணை' என்றும் 'அன்னை துணை' என்றும் எழுதிவிட்டுத்தான் நாம் ஒரு காரியத்தைத் தொடங்குகிறோம். இவ்வளவு துணை தேடுகிற நாம், பொழுதுபோக்குக்கு மட்டும் துணை வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தோம்? இன்று உங்கள் முன் வைக்க நினைப்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

நான்கு இடைவேளைகள்

எனக்குத் தெரிந்த முதல் திரை டெண்டுக் கொட்டகையுடையது. 1980களின் தொடக்கம். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் அப்பா என்னை உட்கார வைப்பார். புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான். அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். ஒரே படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை விடுவது அந்தக் காலத்து வழக்கம். விளக்கு எரிந்ததும் முறுக்குக்காரர் வருவதற்குள் அப்பா என்னிடம் கேட்பார்: "இதுவரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லு."

நான் சொல்வேன். யாரை யார் ஏமாற்றினார், குழந்தை எங்கே தொலைந்தது, பாட்டு எங்கே வந்தது என்று எல்லாம் சொல்வேன். நான்கு இடைவேளையில் நான்கு முறை சொல்வேன். அப்பாவும் அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கதை தெரியாதா? தெரியும். ஆனால் முன்பின் கேட்டிராத கதைபோலக் கேட்பார். வகுப்பில் நின்று கதை சொல்லும் தைரியம் எனக்கு அந்த மணல் மேட்டில்தான் வந்தது என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

அம்மாவுக்கு வேறொரு கதை உண்டு. அவருக்குத் திருமணமான புதிதில் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் ரேடியோ இருந்தது. நம் டெல்டா பக்கம் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜாவின் வேகமும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானமும் இங்கே உள்ள பெரியவர்கள் பலருக்குக் காதில் இருக்கும். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் யாழ்ப்பாணத்துக் குழந்தை ஒன்றின் பெயர் வரும். திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் எங்கள் தெருப் பெண்கள், "நல்லாயிருக்கட்டும்" என்று வாழ்த்துவார்களாம். முகம் தெரியாத பிள்ளைக்குக் கடல் தாண்டி ஒரு வாழ்த்து. அந்த ரேடியோவின் சொந்தக்காரர் ஒருவர்தான். கேட்டவர்கள் தெரு முழுக்க இருந்தார்கள்.

இப்போது 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்து எங்கள் வீட்டுக்கு வருகிறேன். கூடத்தில் அம்மா, தொலைக்காட்சியில் சீரியல். படுக்கையறையில் நான், செல்போனில் படம், காதில் இயர்போன். மூன்றாவது அறையில் பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், கம்ப்யூட்டரில் கேம், தலையில் ஹெட்ஃபோன். என் கணவர் 11 ஆண்டுகளாக வளைகுடாவில் வேலை செய்கிறார். அவரும் இந்த நேரத்துக்கு அங்கே தம் அறையில் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே குடும்பத்தில் நான்கு பேர், நான்கு திரை. "இதுவரைக்கும் என்ன நடந்துச்சு?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆணியும் சுத்தியலும்

ஒரு சனிக்கிழமை இரவு. மகன் கதவைத் திறந்துகொண்டு வந்து, "அம்மா, அரை மணி நேரம் துணைக்கு வர்றியா? இந்த கேமைத் தனியா ஆட முடியாது" என்றான். கடைசியாக அவன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. எழுந்து போனேன்.

அந்த கேமின் பெயர் இட் டேக்ஸ் டூ. ஸ்வீடனில் உள்ள ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கி, 2021இல் வெளிவந்தது. அதை இயக்கிய ஜோசப் ஃபாரஸ் லெபனானில் பிறந்து, சிறுவயதில் ஸ்வீடனுக்குப் போனவர். சினிமா இயக்கிவிட்டு கேம் செய்ய வந்தவர். அந்த ஆண்டின் சிறந்த கேம் என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் இதற்கு விருது கிடைத்தது. ஒரே ஆள் ஆடும் வழியே இந்த கேமில் கிடையாது. இருவர் இருந்தால்தான் தொடங்கும். திரை நடுவில் கோடு கிழித்ததுபோல் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி உனக்கு, ஒரு பாதி எனக்கு.

கதை இது. கோடி, மே என்று ஒரு கணவன் மனைவி, விவாகரத்து செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள். அவர்களின் சிறு மகள் ரோஸ் அழுகிறாள். அவள் கண்ணீர் பட்டு இருவரும் அவளுடைய விளையாட்டுப் பொம்மைகளாகிவிடுகிறார்கள். பழையபடி மனிதராக வேண்டுமானால் வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக நெடும்பயணம் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இருவருக்கும் வெவ்வேறு திறமை கிடைக்கும். ஓரிடத்தில் ஒருவர் சுவரில் ஆணி எறிய வேண்டும். மற்றவர் சுத்தியலை அந்த ஆணியில் மாட்டித் தொங்கி, ஊஞ்சல்போல் ஆடி அந்தப் பக்கம் தாண்ட வேண்டும். ஆணி இல்லாமல் சுத்தியலால் போக முடியாது. நான் தாண்டாமல் அவன் மட்டும் போய்விடவும் முடியாது.

கன்ட்ரோலரை நான் முதன்முதலாகக் கையில் பிடித்தது அன்றுதான். "இப்போ குதிம்மா. இரு, இரு. இப்போ." ஒரே பள்ளத்தில் 20 முறை விழுந்திருப்பேன். ஒரு முறைகூட அவன் முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லம்மா, இந்தத் தடவை ஓரம் வரைக்கும் வந்துட்ட" என்றான். தவறு செய்கிறவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஆசிரியரான எனக்கு அவன் செய்து காட்டினான். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு மாணவி செய்யுளை மூன்றாம் முறை தப்பாகச் சொன்னபோது, அவன் சொன்ன அதே வார்த்தை என் வாயில் வந்தது.

அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. நடுவில், திரையை விட்டுப் பார்வையை எடுக்காமலே அவன் சொன்னான்: பக்கத்தில் உட்கார்ந்து படித்த நண்பன் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டான், மூன்று மாதமாக மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுகிறான். நேருக்கு நேர் உட்கார வைத்து, "என்னடா ஆச்சு, ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். "ஒண்ணுமில்ல" என்பான். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். முகத்துக்கு முகம் வராத பேச்சு, தோளுக்குத் தோள் இருக்கும்போது வந்தது. களத்துமேட்டில், நடவு வயலில், பூக்கட்டும் திண்ணையில் நம் பெண்கள் மனம் விட்டுப் பேசியதும் இப்படித்தான் என்று அப்போது புரிந்தது. கை ஒரு வேலையில் இருந்தால் மனம் திறக்கும்.

பிரிந்துபோகும் பெற்றோரை ஒன்றுசேர்க்க ஒரு குழந்தை ஏங்கும் கதையை என் மகன் ஏன் தேர்ந்தெடுத்தான் என்று நான் கேட்கவில்லை. அவன் அப்பா விரும்பிப் பிரிந்திருப்பவர் அல்ல, பிழைப்புக்காகப் பிரிந்திருப்பவர். ஆனாலும் மறுநாள் அவரோடு தொலைபேசியில் பேசும்போது, பணம், வாடகை, கட்டணம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆணி சுத்தியல் கதையை முழுதாகச் சொன்னேன். அவர் இடையில் கேட்டார்: "அப்புறம் என்னாச்சு?"

இட்லித் தட்டு

அடுத்தது வெண்பா. பெயரைக் கேட்டதும் தமிழாசிரியைக்கு ஆசை வராதா? கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் இது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த முதல் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. 1988இல் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா அம்மா, பாவலன் அப்பா, கவின் மகன். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. அதில் பாதி எழுத்து அழிந்துபோயிருக்கிறது. அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கண்டுபிடித்துச் சமைப்பதுதான் ஆட்டம். சண்டை கிடையாது, நேரக்கெடு கிடையாது. மகன் வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். பிறகு ஒரு நாள், அம்மாவின் சமையலைத் தானே செய்துபார்க்க உட்காருகிறான்.

முதல் சமையல் இட்லி. ஆவி போகும்படி தட்டுகளை அடுக்க வேண்டும். மகனுக்குத் தெரியவில்லை. வாரம் ஐந்து நாள் இட்லி சாப்பிடுகிறான், இட்லித் தட்டை ஒரு நாளும் அடுக்கியதில்லை. கூடத்தைப் பார்த்து, "அம்மாச்சி, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டான். விளம்பர இடைவேளையில் அம்மா எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்தார். "ஏண்டா, தட்ட நேருக்கு நேரா அடுக்கினா மேல் தட்டோட குழி கீழ உள்ள இட்லிய அமுக்காதா? மாத்தி வையி" என்றார். அவன் மாற்றி வைத்தான். அம்மா அங்கிருந்து நகரவில்லை. சீரியல் தொடங்கிவிட்டதை நான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை.

அன்று எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே திரையின் முன் இருந்தோம். அழிந்துபோன சமையல் குறிப்பு ஒன்றை 74 வயதுக்காரர் ஒருவர் தம் நினைவிலிருந்து நிரப்பினார். அம்மாவின் கைப்பக்குவத்தை நான் எங்கும் எழுதிவைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் ஒரு நோட்டு வாங்கினேன். இப்போது 40 பக்கம் நிறைந்திருக்கிறது. கவின் போல ஒரு நாள் என் மகனும் அதைத் திறப்பான்.

சீரியலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அதை நேர விரயம் என்று சொல்லிவந்தவள் நான். அம்மாவின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தபோதுதான், அவர் தனியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அத்தியாயம் முடிந்த இரண்டாவது நிமிடம், கீழத்தெருவில் இருக்கும் அவர் தோழியிடமிருந்து போன் வரும். "பாத்தியா, அவ பேசின பேச்ச?" என்று தொடங்கும். முழங்கால் வலியால் இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாது. அவர்களுக்கு அந்தச் சீரியல்தான் திண்ணை. அதை நான் வீண் என்று சொன்னது தவறு. இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

பெயர் தெரியாத உறவு

மெய்யழகன் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். பிரேம்குமார் இயக்கி, 2024 செப்டம்பரில் வந்த படம். தஞ்சாவூரில் சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996இல் சென்னைக்குப் போன குடும்பத்துப் பிள்ளை அருள்மொழி. தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக 22 ஆண்டுகள் கழித்து நீடாமங்கலம் வருகிறார். நீடாமங்கலம் நமக்கு ஒரு பஸ் தூரம். அதனால் அந்தக் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த முகங்களைத்தான் தேடினேன். அங்கே ஓர் உறவுக்காரர், "அத்தான், அத்தான்" என்று அவரை விடாமல் கவனித்துக்கொள்கிறார். அவர் யார், பெயர் என்ன என்று அருள்மொழிக்கு நினைவில்லை. கேட்கக் கூச்சம். ஊர் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டு, அந்தப் பெயர் தெரியாதவரின் வீட்டில் இரவு தங்குகிறார். படத்தின் பெரும்பகுதி அந்த ஓர் இரவுதான். இருவரும் பேசுகிறார்கள்.

படம் வெளிவந்த பிறகு நீளமாக இருப்பதாகச் சொல்லப்பட்டு, சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. எனக்கு அந்த நீளம் வேண்டியிருந்தது. துணை என்பதைச் சுருக்கித் தர முடியாது. விடிய விடியப் பேசும்போது, உருப்படியான பேச்சு அரை மணி நேரம்தான் இருக்கும். மீதி நேரத்தில் சும்மா இருக்கிறோமே, அந்தச் சும்மா இருத்தல்தான் அரை மணிப் பேச்சைக் கொண்டுவருகிறது. அருள்மொழி ஊரைவிட்டுப் போகும்போது விட்டுச்சென்ற ஒரு சைக்கிள், அந்த இளைஞனின் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. விட்டுச்சென்றவருக்கு அது தெரியாது. நாம் யாருக்கு எப்போது துணையாக இருந்தோம் என்பது நமக்கே தெரியாமல் போகலாம் என்பதை அந்தச் சைக்கிள் எனக்குச் சொன்னது.

2025 மே மாதம் வந்த டூரிஸ்ட் ஃபேமிலியும் இந்த வரிசையில்தான் என் தாளில் இருக்கிறது. இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு தமிழ்க் குடும்பம் சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறது. அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் பழகாத மனிதர்கள், இந்தக் குடும்பம் வந்த பிறகுதான் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "அந்தப் புள்ளைங்க பேச்சக் கேட்டா எங்க ரேடியோ ஞாபகம் வருது."

ஜப்பானைக் களமாகக் கொண்ட பெர்ஃபெக்ட் டேஸ் படத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். விம் வெண்டர்ஸ் இயக்கியது. 2023 கான் விழாவில் கோஜி யாகுஷோவுக்குச் சிறந்த நடிகர் விருது பெற்றுத் தந்தது. ஹிராயாமா என்பவர் டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைத் துப்புரவு செய்கிறார். அதிகம் பேசாதவர். காலையில் எழுகிறார், வண்டியில் பழைய கேசட்டில் பாட்டுக் கேட்கிறார், வேலை செய்கிறார், மதியம் மரத்தின் கீழ் உட்கார்ந்து இலைகளுக்கிடையே விழும் வெளிச்சத்தைப் படமெடுக்கிறார், இரவு புத்தகம் படித்துவிட்டுத் தூங்குகிறார்.

ஒரு நாள் கழிப்பறையின் சந்தில் மடித்துச் செருகிய தாள் ஒன்று கிடைக்கிறது. ஒன்பது கட்டம் போட்டு, ஒன்றில் யாரோ ஒரு குறி போட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு ஆடும் அதே ஆட்டம். ஹிராயாமா தம் குறியைப் போட்டு, அதே இடத்தில் செருகிவிட்டுப் போகிறார். மறுநாள் எதிராளியின் குறி. அதற்கடுத்த நாள் இவருடையது. எதிராளியின் முகத்தைக் கடைசிவரை அவர் பார்ப்பதில்லை. ஆட்டம் முடிந்த தாளில் ஒரு நன்றி எழுதியிருக்கிறது. படத்தில் பின்னால் இன்னொரு காட்சி. புற்றுநோயால் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர், இரண்டு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கருமை கூடுமா என்று கேட்கிறார். ஹிராயாமா அவரை விளக்கு வெளிச்சத்தில் தம்மோடு நிற்கவைத்துச் சோதித்துப் பார்க்கிறார். பிறகு நரைத்த தலையோடு இருவரும் ஒருவர் நிழலை ஒருவர் மிதித்து விளையாடுகிறார்கள். ஒரு காசு செலவில்லாத பொழுதுபோக்கு. அந்த இரவில் அந்த மனிதருக்கு வேறு யார் என்ன கொடுத்திருக்க முடியும்?

சாத்திய கதவுக்குப் பின்னால்

இவ்வளவு கேட்டபின், தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் துணையற்றவர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி நினைத்த ஒரு பெற்றோரின் கதை 2024இல் ஆவணப்படமாக வந்தது. ஆங்கிலத்தில் தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின் என்று பெயர். நார்வேயைச் சேர்ந்த பெஞ்சமின் ரீ இயக்கியது.

மாட்ஸ் ஸ்டீன் என்ற நார்வே இளைஞருக்குத் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் டுஷேன் என்ற நோய். சக்கர நாற்காலியில், தம் அறையில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய கேமிலேயே பெரும்பாலான நேரத்தைக் கழித்தார். 2014இல், 25 வயதில் இறந்தார். நட்பும் காதலும் அறியாமலே தங்கள் பிள்ளை போய்விட்டான் என்று பெற்றோர் உருகினார்கள். மகனின் வலைப்பக்கத்தில் அவர் இறந்த செய்தியைத் தந்தை எழுதிவைத்தார். அதன் பிறகு பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. முகம் பார்த்திராத மனிதர்கள், உங்கள் மகன் எனக்கு நண்பன், என் துயரத்தில் கூட இருந்தவன் என்று எழுதியிருந்தார்கள். சிலர் விமானம் ஏறி அடக்கத்துக்கே வந்தார்கள். அந்த கேமுக்குள் அவர் பெயர் இபெலின். அங்கே அவர் ஓடினார், நடந்தார், அழுதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு தாயின் கதையும் அதில் வருகிறது. ஆட்டிசம் உள்ள தம் மகனோடு நெருங்க முடியாமல் தவித்தவர். மகனோடு சேர்ந்து அந்த கேமை ஆடிப் பாருங்கள் என்று அவருக்கு வழி சொன்னவர் மாட்ஸ். நிஜத்தில் அணைப்பை ஏற்க முடியாத அந்தப் பிள்ளை, கேமுக்குள் அம்மாவை அணைத்துக்கொண்டான். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். என் மகன் என்னைக் கூப்பிட்ட சனிக்கிழமை இரவு நினைவுக்கு வந்தது. அவன் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்ற நினைவும் கூடவே வந்தது.

ஆகவே பெற்றோரே, சாத்திய கதவைப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே ஓர் ஊரே இருக்கலாம். யாருமே இல்லாமலும் இருக்கலாம். தட்டி உள்ளே போகாமல் இரண்டில் எது என்று தெரியாது.

சீதைப் பாண்டி

நம் முன்னோரும் இதை யோசித்திருக்கிறார்கள். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 குழி, ஆளுக்கு ஏழு. எதிரே ஒருவர் இருந்தால்தான் ஆட்டம். நீங்கள் அள்ளிப் போடும் முத்து எதிராளியின் குழிக்கும் போகும். அவர் போடுவது உங்கள் குழிக்கும் வரும். ஆடுபுலி ஆட்டத்துக்கும் தாயத்துக்கும் எதிரே ஆள் வேண்டும். ஆனால் பல்லாங்குழியில் ஒரே ஆள் தனியாக ஆடும் வகை ஒன்றும் உண்டு. அதற்கு நம் பெண்கள் வைத்த பெயர் சீதைப் பாண்டி. அசோகவனத்தில் சிறையிருந்த சீதை தனியாக ஆடியது என்று கதை சொல்வார்கள்.

இந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. தனியாக ஆடுவதை அவர்கள் கேலி செய்யவில்லை, குற்றமும் சொல்லவில்லை. துணையைப் பிரிந்தவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க ஆடிய ஆட்டம் என்று பரிவோடு பெயர் வைத்தார்கள். இன்றைக்கு நள்ளிரவில் செல்போனை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் பிள்ளையும், சவுதியில் ஓர் அறையில் அதையே செய்யும் தகப்பனும், விடுதியில் இருக்கும் பெண்ணும் ஆடுவது சீதைப் பாண்டிதான். அவர்களைத் திட்டி என்ன பயன்? தேடிப் போக வேண்டும்.

ஏனென்றால் தனித்திருப்பவரைத் தேடி வேறு சிலரும் வருகிறார்கள். இணையத்தில் பணம் வைத்து ஆடும் ரம்மியால் நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்கள் உடைந்தன என்பது உங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே இத்தகைய இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சீட்டாட்டம் நமக்குப் புதிதில்லை. ஆனால் திண்ணையில் ஆடியபோது, "போதும்டா, எழுந்து வீட்டுக்குப் போ" என்று தோளைத் தொட்டுச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். செல்போனில் ஆடும்போது அந்த ஆள் இல்லை. துணை என்பது மகிழ்ச்சியைக் கூட்ட மட்டுமல்ல, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் வேண்டியிருக்கிறது.

இதுவரைக்கும் என்ன நடந்துச்சு?

என் மகன் 2025இல் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தான். மூன்றாவது அறை காலியானது. அப்போதும் இட் டேக்ஸ் டூ செய்த அந்த ஸ்வீடன்காரர்கள்தான் எங்களுக்கு உதவினார்கள். இரண்டு பேர் ஆடும் அவர்களுடைய கேமை ஒருவர் வாங்கினால் போதும். வேறு ஊரில் இருக்கும் இன்னொருவர் காசு கொடுக்காமலே சேர்ந்து ஆடலாம். துணையை விலை கொடுத்து வாங்கக் கூடாது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஸ்பிளிட் ஃபிக்ஷன் என்ற அவர்களின் புதிய கேமை ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஆடுகிறோம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெண் எழுத்தாளர்கள், தங்கள் கதைகளுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு, ஒன்றாக வழி தேடும் கதை. அவன் அங்கே விடுதியில், நான் இங்கே கூடத்தில். ஆமாம், கம்ப்யூட்டரைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். அம்மாவின் நாற்காலி அதன் பக்கத்தில் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வாரத்தில் ஒரு நாள், வீட்டில் ஒருவர் ரசிப்பதை, அது படமோ கேமோ சீரியலோ, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திருத்த வேண்டாம், நல்லது கெட்டது சொல்ல வேண்டாம். என் அப்பா மணல் மேட்டில் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் வரும்போது, அது உங்களுக்குத் தெரிந்த கதையானாலும், முதல்முறை கேட்பதுபோல் கேளுங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஆடிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். நான் திரும்பி வரும்போது அம்மா, கம்ப்யூட்டரின் பக்கம் குனிந்து, கோயம்புத்தூரில் இருக்கும் பேரனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, நான் நடுவுல கண்ணசந்துட்டேன். இதுவரைக்கும் என்ன நடந்துச்சு?"

"முதல்லேருந்து சொல்றேன் அம்மாச்சி, கேளுங்க" என்றது ஸ்பீக்கர்.

கன்ட்ரோலரைத் தொடாமல் நானும் உட்கார்ந்து கேட்டேன்.